இழுக்க முடியாத பெட்டிகள்

1929-இல் அமெரிக்காவின் லயனல் நிறுவனம் நான்கு பொம்மை ரயில் பெட்டிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கலிபோர்னியா, கொலராடோ, இல்லினாய், நியூயார்க் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மாநிலத்தின் பெயர். ஒரு பெட்டியே 21 அங்குலத்துக்கு மேல் நீளம். எஃகுத் தகட்டை வெட்டி, மடித்து, எனாமல் பூசிச் சுட்டு எடுத்திருந்தார்கள். கூரையைத் திறந்தால் உள்ளே வரிசையாக இருக்கைகள், எரிகிற விளக்குகள், மூலையில் கழிப்பறைகூட உண்டு. இவற்றை இழுப்பதற்கு 381 என்ற எண் கொண்ட மின்சார எஞ்சினைச் சேர்த்துக் கொடுத்தார்கள். அதிலிருந்த ஒற்றை மோட்டாரால் நான்கையும் இழுக்க முடியவில்லை. அதனால் இரண்டு மோட்டார் கொண்ட 408-ஐ முன்னால் மாட்ட வேண்டியதாயிற்று. பெட்டிகள் அப்படியே இருந்தன, எஞ்சின்தான் மாறியது.

பழைய தகர ரயில்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தச் செய்தியை ஒரு வடிவமைப்புக் குறையாகச் சொல்லிவிட்டு அடுத்த எஞ்சினுக்குப் போய்விடுவார்கள். எனக்கோ இந்த உலகத்துக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் இல்லை. எஞ்சின் செய்கிறவருக்கு ஒரு கட்டாயம் உண்டு. அது ஓட வேண்டும். சாவி கொடுத்த சுருள் பிரிய வேண்டும், அல்லது மின்சாரம் பாய்ந்து மோட்டார் சுற்ற வேண்டும், அல்லது ஸ்பிரிட் விளக்கின் சூட்டில் தண்ணீர் கொதிக்க வேண்டும். அவர் உழைப்பில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். பயணிகள் பெட்டிக்கு அப்படியொரு கட்டாயம் இல்லை. அடியில் சக்கரங்கள், இரு முனையிலும் கொக்கி. அவ்வளவு இருந்தால் அது பின்னால் வந்துவிடும். அதற்கு மேல் அந்தப் பெட்டியில் என்ன இருக்கிறதோ, அந்த ஜன்னல் சட்டம், அந்தக் கதவுப் பிடி, அந்தக் கழிப்பறை, எல்லாமே யாரோ செய்ய விரும்பியதால் மட்டும் செய்தவை. தகரப் பெட்டிகளைத் தேடிச் சேர்க்கிறவர்கள் அந்த விருப்பத்தைத்தான் சேர்க்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

இந்த விருப்பம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க ஜெர்மனிக்குப் போக வேண்டும். தெற்கே வுர்ட்டெம்பர்க் பகுதியிலுள்ள கோப்பிங்கன் என்ற ஊரில் தியோடோர் ஃப்ரீட்ரிஷ் வில்ஹெல்ம் மார்க்லின் என்ற தகர வேலைக்காரர் 1859-இல் ஒரு பட்டறை தொடங்கினார். அவர் செய்தது ரயில் அல்ல. பெண் குழந்தைகளின் பொம்மைச் சமையலறைக்கு வேண்டிய சட்டி, கரண்டி, அடுப்பு. அவர் மனைவி கரோலின் அந்தச் சாமான்களை ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்றார். 1866-இல் கணவர் இறந்த பின்னும் தொழிலை விடாமல் காப்பாற்றியவர் அவர். அடுத்த தலைமுறை பொறுப்பேற்று, 1891-இல் லைப்சிக் வசந்தச் சந்தையில் எட்டு வடிவத் தண்டவாளத்தில் ஓடும் ரயிலைக் காட்டியது. தண்டவாள அகலங்களுக்கு எண் கொடுத்து வரையறுத்ததும் அப்போதுதான். அதன் பிறகு ரயில் பொம்மை ஒரு முறை வாங்கி முடிக்கிற பொருளாக இருக்கவில்லை. இந்தப் பிறந்தநாளுக்கு ஒரு பெட்டி, அடுத்த கிறிஸ்துமஸுக்கு இன்னொன்று என்று வளர்ந்துகொண்டே போகிற பொருளாயிற்று. எஞ்சின் ஒன்று போதும். பெட்டிகளுக்கு முடிவே இல்லை. சேகரிப்பு என்ற பழக்கத்தின் விதை அந்தச் சந்தை மேசையிலேயே விழுந்துவிட்டது.

மார்க்லினின் பொம்மைச் சமையலறையையும் பெட்டிகளையும் சேர்த்துப் பார்க்காமல் இருக்க என்னால் முடிவதில்லை. முதல் உலகப் போருக்கு முந்தைய ஆண்டுகளில் வந்த மார்க்லின் உணவுப் பெட்டியின் கூரையைத் தூக்கினால் உள்ளே மேசை, நாற்காலி. தூங்கும் பெட்டியில் படுக்கைகள். செஞ்சிலுவை அடையாளம் தீட்டிய மருத்துவப் பெட்டியில் தூக்குக் கட்டில்களும் அவற்றில் கிடத்த நோயாளிப் பொம்மைகளும். ரயில் ஆண் பிள்ளைகளின் பொம்மை, வீடு பெண் பிள்ளைகளின் பொம்மை என்று கடைக்காரர்கள் பிரித்து வைத்திருந்த காலம் அது. பெட்டிக்குள் மட்டும் அந்தப் பிரிவு நிற்கவில்லை. கரோலின் சுமந்து விற்ற சின்னச் சின்னச் சட்டிகளைச் செய்த கைப்பழக்கம்தான் சக்கரம் மாட்டிக்கொண்டு ரயிலின் பின்னால் போனது. அந்த மருத்துவப் பெட்டியை வைத்து விளையாடிய சிறுவர்களில் பலர் 1914-க்குப் பிறகு உண்மையான மருத்துவ ரயிலில் படுத்துப் போகும் வயதினர் என்பதையும் நினைக்காமல் இருக்க முடியாது.

மார்க்லின் பெட்டிகள் பற்றவைத்து, எனாமல் பூசி, கையால் கோடு இழுத்தவை. விலை அதிகம். நடுத்தர வீடுகளுக்குத் தகர ரயிலைக் கொண்டுவந்தது இன்னொரு நுட்பம். அதன் கதை இதை வாசிக்கிறவர்களுக்கும் நெருக்கமானது. கல்லச்சில் தாளில் படம் அச்சிடுவது 19-ஆம் நூற்றாண்டில் எல்லாருக்கும் தெரிந்த வேலை. தகட்டில் அது சரிவரவில்லை. கல்லும் கடினம், தகடும் கடினம். இரண்டும் முட்டிக்கொண்டால் மை சீராக இறங்காது. 1875-இல் லண்டனில் ராபர்ட் பார்க்ளே என்பவர் நடுவில் மிருதுவான ஒரு பரப்பைக் கொண்டுவந்தார். கல்லிலிருந்து படம் அந்தப் பரப்பில் விழும். அங்கிருந்து தகட்டுக்குப் போகும். பிஸ்கட் டப்பாக்களில் தோட்டமும் குதிரை வண்டியும் பூத்தது இப்படித்தான். தாளுக்கு ஆஃப்செட் அச்சு வந்தது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். நாம் கையில் பிடித்துப் படிக்கிற இதழ்களின் அச்சு முறை முதலில் தகரத்துக்காகப் பிறந்தது.

லித்தோ என்கிற இந்தக் கல்லச்சில் பெட்டி செய்கிற முறையை யோசித்தால் வியப்பு கூடும். முழுத் தகடு தட்டையாக இருக்கும்போதே எல்லா நிறங்களையும் அச்சிட்டாக வேண்டும். ஒரு நிறம், பிறகு அடுப்பில் காய்ச்சல். அடுத்த நிறம், மறுபடி அடுப்பு. கடைசியில் வார்னிஷ். அதன் பிறகுதான் அச்சு வெட்டும் டை தகட்டின் மேல் இறங்கும். ஜன்னல்கள் விழும். ஓரங்கள் மடியும். நாக்குபோல் நீட்டிய சிறு துண்டுகள் எதிர்ப்பக்கத் துளைகளில் நுழைந்து மடங்கி உடம்பைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே ஓவியர் தட்டையான தாளில் வரையும்போதே எந்தக் கோடு எந்த விளிம்பில் மடியப்போகிறது, எந்த நிழல் எந்தக் கதவின் பக்கத்தில் நிற்கப்போகிறது என்று மனதுக்குள் முழுப் பெட்டியையும் கட்டிப் பார்த்திருக்க வேண்டும். நியூரம்பர்க்கில் இருந்த ஜார்ஜ் காரெத் நிறுவனத்தின் பெட்டிகளை இந்தத் துறையின் உச்சம் என்பேன். 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கிலாந்தின் பாசெட்-லோக் நிறுவனத்துக்காக அவர்கள் செய்த பன்னிரு சக்கரப் பெட்டிகளில் பலகை விளிம்பின் புடைப்பு, கதவுக் கீல், பித்தளைப் பிடி எல்லாம் வெறும் மை. விரலால் தடவினால் வழவழப்பு. ஒரு முழம் தள்ளி வைத்துப் பார்த்தால் மரவேலை.

காரெத் பிரெஞ்சுக்காரர். ஜெர்மன் ஊரில் ஆங்கிலேயச் சந்தைக்காக ரயில் பெட்டி செய்தவர். போர் மூண்டதும் அப்படிப்பட்ட மனிதருக்கு எங்கும் இடமில்லாமல் போயிற்று. 1917-இல் நிறுவனம் மூடப்பட்டது. அதே ஊரின் பிங் நிறுவனம் ஒரு காலத்தில் உலகிலேயே பெரிய பொம்மைத் தொழிற்சாலை. 1900 பாரிஸ் கண்காட்சியில் பாசெட்-லோக் அவர்களைக் கண்டுகொண்டதிலிருந்துதான் ஆங்கிலேய ரயில்களைப் பார்த்த மாதிரியே செய்த பொம்மைகள் கடைக்கு வரத் தொடங்கின. 1930-களின் தொடக்கத்தில் பிங் கலைந்தது. யூதக் குடும்பத்தவரான ஸ்டீபன் பிங் பின்னர் இங்கிலாந்தில் தஞ்சம் புகுந்தார். ஒரு பெட்டியின் அடிப்பக்கத்தைத் திருப்பி அங்கே அச்சாகியிருக்கும் சின்னத்தைப் பார்க்கும்போது இந்தப் பெயர்களெல்லாம் எழுந்து வருகின்றன. எஞ்சினைப் பார்த்தால் இயந்திரத்தின் வரலாறு தெரியும். பெட்டியைப் பார்த்தால் மனிதர்கள் எப்படிப் பிரிந்து உட்கார்ந்தார்கள் என்பது தெரியும்.

பிரிந்து உட்கார்ந்ததைக் கதவிலேயே எழுதியிருப்பார்கள். இங்கிலாந்தின் மிட்லண்ட் ரயில்வேயின் சிவந்த பெட்டிகளில் ஒரு கதவில் 1, அடுத்ததில் 3 என்றிருக்கும். 2 எங்கும் இராது. அது பொம்மைக்காரரின் கவனக்குறைவு அல்ல. 1875-இலேயே மிட்லண்ட் இரண்டாம் வகுப்பை ஒழித்துவிட்டது. மூன்றாம் வகுப்புக்காரர்களுக்கு மெத்தை வைத்த இருக்கை கொடுத்து, இரண்டாம் வகுப்பைத் தேவையற்றதாக்கியது. மற்ற நிறுவனங்களும் மெல்ல அதே வழியில் போயின. பிரிட்டனில் 3 என்ற எண் 1956 வரை இருந்தது, நம் நாட்டில் 1970-கள் வரை. பொம்மைப் பெட்டியின் கதவில் அந்த எண்ணை விடாமல் அச்சிட்டவர் சமூகத்தை விமர்சிக்க உட்காரவில்லை. உள்ளதை உள்ளபடி செய்யப் பார்த்தார். அதனாலேயே அது இன்று சாட்சியாக இருக்கிறது.

உள்ளதை உள்ளபடி என்றேன். நீளத்தில் மட்டும் அது முடியவில்லை. 57 அடி நீளமுள்ள உண்மையான பெட்டியை 0 அளவுத் தண்டவாளத்துக்கு ஏற்பச் சுருக்கினால் ஏறக்குறைய 16 அங்குலம் வர வேண்டும். தண்டவாளங்களுக்கு இடையே 32 மில்லிமீட்டர்; வளைவின் ஆரமோ வீட்டுத் தரை விரிப்பில் அடங்க வேண்டும் என்பதற்காக இரண்டடி. அந்த வளைவில் 16 அங்குலப் பெட்டி நடு வயிறு உள்ளே சரிந்து, முனைகள் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். ஆகவே குட்டையாக்கினார்கள். எத்தனை ஜன்னலை விடுவது, எதை விடக் கூடாது என்பதுதான் கேள்வி. லிவர்பூல் ஹார்ன்பியின் 1920-களின் பிற்பகுதிப் புல்மன் என்ற சொகுசுப் பெட்டிகளில் ஓரத்து முட்டை வடிவ ஜன்னலை விடாமல் வைத்திருக்கிறார்கள். மேசை விளக்கு தெரிகிற அகன்ற ஜன்னலையும் விடவில்லை. நடுவில் சிலவற்றைத்தான் எடுத்தார்கள். அயோலாந்தே, ஆர்க்கேடியா என்று பக்கவாட்டில் பெயரும் எழுதினார்கள். அளவுகோலின்படி தவறான அந்தப் பெட்டி பார்த்த மாத்திரத்தில் புல்மன் என்று தெரிகிறது. அளவு துல்லியமான இன்றைய பிளாஸ்டிக் பெட்டிகளில் அந்தத் தேர்வு இல்லை. எதையும் விட வேண்டிய நெருக்கடி அவற்றைச் செய்தவர்களுக்கு வரவில்லை. எனக்குக் குட்டைப் பெட்டிதான் பிடிக்கும்.

மறுபடி அமெரிக்காவுக்கு வருகிறேன். சொல்லாமல் விட முடியாத மூன்று பெட்டிகள் அங்கே இருக்கின்றன. நியூ ஜெர்சியின் சென்ட்ரல் ரயில்ரோடு 1929 பிப்ரவரியில் ஜெர்சி சிட்டியிலிருந்து அட்லாண்டிக் சிட்டி கடற்கரைக்கு ‘புளூ காமெட்’ என்ற ரயிலை விட்டது. நீல உடம்பு, வெண்மஞ்சள் பட்டை. அதன் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வால்நட்சத்திரத்தின் பெயர். அடுத்த ஆண்டே லயனல் அதைப் பொம்மையாக்கியது. ஃபே, வெஸ்ட்ஃபால், டெம்பெல் என்று மூன்று பெட்டிகள், இரு நீல நிறங்களில்.

ஹெர்வே ஃபே 1843-இல் கண்ட வால்நட்சத்திரம் இன்றும் ஏழெட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்து போகிறது. டெம்பெல் வானியலாளர் ஆவதற்கு முன் பிழைப்புக்குச் செய்த தொழில் லித்தோ அச்சு. தகர ரயிலுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் தேடினாலும் கிடைக்காது. லயனலில் பெயர் எழுதியவருக்கு அது தெரிந்திருக்குமா என்பது வேறு. டெம்பெல் பெயர் கொண்ட வால்நட்சத்திரங்களில் ஒன்றின் மேல்தான் 2005-இல் நாசா ஒரு கலத்தை மோதவிட்டுப் பார்த்தது. வெஸ்ட்ஃபாலின் கதி வேறு. 1852-இல் கண்டுபிடிக்கப்பட்டது. 61 ஆண்டு கழித்து 1913-இல் திரும்பி வந்தபோது கண்ணெதிரே மங்கிப்போனது. 1976-இல் வர வேண்டியது வரவில்லை. வானியலாளர்கள் அதைத் தொலைந்தவற்றின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். நிஜ ரயிலும் 1941-இல் நின்றது. வெஸ்ட்ஃபால் என்ற பெயரைப் பொறித்த நீலப் பெட்டி சேகரிப்பாளர்களின் அலமாரிகளில் இன்னும் இருக்கிறது.

அப்படி இருப்பது எளிதாக நடந்ததல்ல. 1929 அக்டோபரில் பங்குச் சந்தை விழுந்த பிறகு, நூறு டாலரைத் தாண்டிய விலையில் ஒரு பொம்மை ரயிலை வாங்க எத்தனை தகப்பன்களால் முடிந்திருக்கும்? 1934-இல் லயனலே நீதிமன்றப் பொறுப்புக்குப் போய், தப்பிப் பிழைத்தது. ஒரு டாலர் விலையுள்ள மிக்கி மவுஸ் தள்ளுவண்டி அதைக் காப்பாற்றியதாகச் சொல்லும் கதை பிரபலம். பெரிய பெட்டிகள் விலைப்பட்டியலிலிருந்து ஒவ்வொன்றாக உதிர்ந்தன. விற்றவையும் பிரிந்தன. எஞ்சினுக்குத் தனி மதிப்பு உண்டு என்பதால் வியாபாரி அதை மட்டும் எடுத்துக்கொள்வார். அண்ணன் தம்பி பாகத்தில் ஒருவருக்கு இரண்டு பெட்டி, மற்றவருக்கு ஒன்று என்று போகும். பெட்டி சேகரிப்பவரின் வேலை பெரும்பாலும் இந்தப் பிரிவைச் சரிசெய்வதுதான்.

அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஃபே இருக்கிறது, டெம்பெல் இருக்கிறது, வெஸ்ட்ஃபால் எங்காவது கிடைத்தால் போதும் என்று ஆகிவிடாது. ஆரம்பகாலப் பெட்டிகளில் அலங்கார உலோகம் பித்தளை அல்லது செம்பு; பிற்காலத்தில் நிக்கல். நீலத்தின் சாயலும் ஒரே மாதிரி இல்லை. கொக்கியின் வடிவம் மாறியிருக்கிறது. முன்னதும் பின்னதும் ஒரே வரிசையில் நின்றால், தெரிந்த கண்ணுக்கு அது உறுத்தும். பென்சில்வேனியாவின் யார்க் நகரில் ஆண்டுக்கு இருமுறை கூடும் சந்தையில் பெட்டியைக் கையில் எடுத்தவர்கள் முதலில் பார்ப்பது பக்கவாட்டை அல்ல, சக்கரம் மாட்டியிருக்கும் அடித்தளத்தை. அதே மாநிலத்தில் யார்ட்லி என்ற ஊரில் 1954-இல் உருவான ரயில் சேகரிப்பாளர் சங்கம் பொம்மையின் நிலையைத் தரம் பிரித்துச் சொல்ல ஒரு பொது அளவை ஏற்படுத்தியது. ஸ்ட்ராஸ்பர்கில் அருங்காட்சியகமும் நடத்துகிறது.

அந்தத் தர அளவோடு எனக்கு முழுக்க உடன்பாடில்லை. அதன் உச்சியில் நிற்பது அட்டைப்பெட்டியைவிட்டு வெளியே வராத பொம்மை. சந்தைக்கு அது சரி. ஆனால் கூரையைத் திறக்கும்படி கீல் வைத்து, உள்ளே இருக்கை அடுக்கிய கைகள் அது ஒருபோதும் திறக்கப்படாமல் இருக்க வேண்டும் என்றா செய்திருக்கும்? தகரத்தில் கீறலின் அபாயம் என்ன என்பதும் தெரிந்ததுதான். இரும்பைக் காப்பது மேலே பூசிய வெள்ளீயப்பூச்சு. அந்தப் பூச்சு எங்கே கீறியதோ அங்கே இரும்பு வழக்கத்தைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். இரண்டு உலோகமும் ஈரத்தில் சந்திக்கும்போது இரும்புதான் கரையும். நாக்குகளைப் பிரித்து மடித்தால் சில முறைக்குள் ஒடிந்துவிடும். எனவே சுத்தம் செய்கிறேன் என்று பெட்டியைப் பிரிக்கக் கூடாது. மிருதுவான துணியும் கொஞ்சம் மெழுகும் போதும். பழைய லித்தோ மேல் புதுப் பெயின்ட் அடிப்பதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. எனாமல் பெட்டியை மறுபடி எனாமல் பூசலாம், நேர்மையாகச் சொல்லிவிட்டால். ஓவியர் வரைந்த லித்தோவை மூடிவிட்டால் அது போனதுதான்.

சக்கரங்களின் கதை வேறு. இரண்டு போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் துத்தநாகக் கலவையை வார்த்துச் செய்த சக்கரங்களில் சிறிதளவு ஈயம் கலந்துவிட்டால், பல பத்தாண்டுகள் கழித்து அவை தாமாகவே வீங்கி, வெடித்து, பொடியாகும். ஹார்ன்பியிலும் லயனலிலும் அமெரிக்கன் ஃபிளையரிலும் இது உண்டு. விளையாடாமல் பொத்தி வைத்த பெட்டிக்கும் இதே கதிதான். அட்டைப்பெட்டியைத் திறந்தால் உடம்பு புதுசாக மின்னும், அடியில் சக்கரம் நொறுங்கிக் கிடக்கும். தொடங்கிவிட்டால் மருந்து இல்லை. ஆகவே மாற்றித்தான் ஆக வேண்டும், மாற்றுச் சக்கரங்களும் கிடைக்கின்றன. புதிதாக வார்த்த உதிரியில் அது புதிது என்று தெரியும்படி அடையாளம் இருக்க வேண்டும் என்ற சேகரிப்பாளர்களின் நெறி எனக்குப் பிடித்தது. 1970-களில் மேரிலாந்தின் வில்லியம்ஸ் நிறுவனம் பழைய லயனல் வடிவங்களை முழுசாகவே மறுபடி செய்யத் தொடங்கியபோது பழைய சேகரிப்பாளர்கள் சிலருக்குக் கசப்பு. எனக்கு அதில் கசப்பில்லை. பழையதை வாங்க முடியாதவருக்கும் அந்த நீளமும் அந்தக் கனமும் கையில் கிடைத்தன.

சக்கரம் மாற்றிய பெட்டியைத் தண்டவாளத்தில் ஏற்றி ஓட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஓட்டலாம். அகலமான வளைவு வேண்டும், வேகம் வேண்டாம். அச்சில் ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும். கனமான பெட்டி எஞ்சினுக்கு அடுத்து, இலகுவானது கடைசியில். நான்கு மாநிலப் பெட்டிகளும் சேர்ந்திருந்தால் 408-ஐ முன்னால் மாட்டுங்கள். 381 மட்டும்தான் இருக்கிறதென்றால் இரண்டு பெட்டியோடு நிறுத்திக்கொண்டு, மற்ற இரண்டையும் பக்கத்துத் தண்டவாளத்தில் கூரையைத் திறந்து வையுங்கள்.